புற்றுநோய் மரபணு: ஒரு தொகைச்சொல்லின் விரி



சிலம்பிலிருந்தோ குறுந்தொகையிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். தலைப்பை எழுதிக் கொடுத்தபோது நம் செயலாளர் ஐயா அதை இருமுறை படித்துப் பார்த்தார். "அம்மா, இது வேறு கூட்டத்துக்கு எழுதிய தாளாக இருக்குமோ?" என்றும் கேட்டார். இந்தக் கூட்டத்திற்குத்தான் எழுதினேன். நான் இலக்கணத்தில் முனைவர் பட்டம் பெற்றவள். என் பெயருக்கு முன்னுள்ள 'டாக்டர்' என்பதை நம்பி எவரும் என்னிடம் மருந்து கேட்க வேண்டா. மருத்துவர்கள் எழுதியதைப் படித்தும், அவர்களிடம் கேட்டும், என் வீட்டில் கண்டும் அறிந்தவற்றையே இங்குச் சொல்லப்போகின்றேன்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகின்றேன். செய்தித்தாள்களிலும் மருத்துவமனை வராந்தாக்களிலும் இப்போது 'புற்றுநோய் மரபணு' என்ற தொடர் அடிக்கடி காதில் விழுகின்றது. "அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் மரபணு இருக்கிறதாம்" என்று தணிந்த குரலில் சொல்லுகின்றார்கள். இலக்கண மாணவர் எவரேனும் இருந்தால் சொல்லட்டும், இத்தொடரை எப்படி விரிப்பது? ஒரு தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு வரையும் பொருள்படும் என்று பவணந்தியார் இடங்கொடுக்கின்றார். 'மாம்பழச் சாறு' என்றால் மாம்பழத்திலிருந்து எடுத்த சாறு. 'தலைவலி மருந்து' என்றாலோ தலைவலியைத் தீர்க்கும் மருந்து. தலைவலியைத் தரும் மருந்து என்று எவரும் விரிப்பதில்லை. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று நாம் வகுப்பில் நடத்துவது இதைத்தான். அப்படியாயின் 'புற்றுநோய் மரபணு' என்பது புற்றுநோயை உண்டாக்கும் மரபணுவா, புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவா?

இரண்டு வகையும் உயிரணுவில் உண்டு. ஆனால், குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் மார்பகப் புற்று, சூலகப் புற்று ஆகியவற்றோடு சேர்த்துப் பேசப்படும் பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுக்கள் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. 'தலைவலி மருந்து' என்பதைப் போல விரிக்க வேண்டியவை. அவை இந்த அவையிலுள்ள ஒவ்வொருவருக்கும் இருக்கின்றன, ஆண்களுக்கும் இருக்கின்றன. இருப்பதனால் நோய் வருவதில்லை. பழுதுபடுவதனால்தான் நோய்க்கு வழி திறக்கின்றது. மார்பகப் புற்று என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு பெயர் வைத்தவர்கள் நோயின் பெயரைக் காவற்காரனுக்குச் சூட்டிவிட்டார்கள். திருட்டைத் தடுக்க அமர்த்திய காவலரைத் 'திருட்டுக் காவலர்' என்று அழைத்தால் ஊர் என்ன நினைக்கும்?

இவ்வகை மரபணுக்களைக் 'கட்டி அடக்கி', 'புற்று ஒடுக்கி' என்று தமிழாக்கம் செய்திருக்கின்றார்கள். பொருளில் குறையில்லை. எனினும் காவல் மரபணு என்பதே என் காதுக்கு இசைவாக இருப்பதால், இன்று அச்சொல்லையே ஆளப்போகின்றேன்.

சொல்லை மாற்றி விரித்தவர்கள் நாம் மட்டும் அல்லர். அறிவியலாரும் அப்படித் தடுமாறினார்கள் என்பது எனக்கு ஓர் ஆறுதல். 1979ஆம் ஆண்டில் பி53 என்னும் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். புற்று அணுக்களில் அது மிகுதியாகக் காணப்பட்டமையால், புற்றை வளர்ப்பது அதுதான் என்று முடிவு கட்டினார்கள். ஆய்வுக்கூடங்களில் அவர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் பழுதுபட்ட படிகள் என்பது பின்னர்த்தான் தெரிந்தது. 1989இல் தீர்ப்பு தலைகீழானது: பழுதில்லாத பி53 புற்றைத் தடுக்கின்றது. பத்தாண்டுக் காலம் காவலனைக் கள்வன் என்று கருதியிருக்கின்றார்கள். மதுரையில் ஒருவனைக் கள்வன் என்று பிழையாகத் தீர்ப்பளித்ததற்கு ஒரு காப்பியமே எழுந்தது. இங்கே சில ஆய்வுக் கட்டுரைகளோடு முடிந்தது. 1992இல் டேவிட் லேன் என்னும் அறிஞர் அதனை மரபணுத்தொகுதியின் காவலன் என்று அழைத்தார். பெயரிலுள்ள 53 என்னும் எண்கூடப் பிழையே. புரதத்தின் எடையை அளந்த முறையில் அது மெதுவாக நகர்ந்ததால் 53 என்று குறித்துவிட்டார்கள். உண்மை எடை 44க்கும் சற்றுக் குறைவு. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இந்தப் பி53 பழுதுபட்டிருக்கின்றது. நமக்கு அதன் படிகள் இரண்டு: தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. தடாகம் பக்கம் கரும்புக்கும் வாழைக்கும் இறங்கி வருகின்றதே யானை, அதற்கு எத்தனை தெரியுமா? அம்மரபணுவும் அதைப் போன்றனவுமாக ஏறத்தாழ 20 இருப்பதாக 2015ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் வெளியிட்டன. உடல் பெரிது, உயிரணுக்கள் பலமடங்கு, ஆயுளும் நீண்டது. கணக்குப்படி யானைக்கு நம்மைவிடப் புற்று மிகுதியாக வர வேண்டும். வருவதில்லை. காவல் மிகுதி என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. நம் தோட்டத்து வேலியை முறிக்கும் யானை தன்னுள்ளே இவ்வளவு வேலி போட்டு வைத்திருக்கின்றது.

நமக்கு இரண்டே படிகள் என்றேனல்லவா? அந்த இரண்டு என்னும் எண்ணில்தான் குடும்பக் கதை இருக்கின்றது. ஆல்ஃபிரட் நட்சன் என்னும் மருத்துவர் சிறு குழந்தைகளின் விழித்திரையில் தோன்றும் புற்றை ஆராய்ந்தார். சில குழந்தைகளுக்கு இரு கண்களிலும், மிக இளவயதிலேயே வந்தது. சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும், சற்றுப் பின்னர் வந்தது. 48 குழந்தைகளின் குறிப்புகளை வைத்துக்கொண்டு 1971இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். புற்று தோன்ற இரண்டு அடிகள் விழ வேண்டும். பிறக்கும்போதே ஓர் அடி வாங்கி வந்த குழந்தைக்கு இன்னும் ஓர் அடியே மிச்சம். மற்றக் குழந்தைக்கு இரண்டும் பிறந்தபின் விழ வேண்டும். அந்த மரபணுவைக் கையில் எடுத்துக் காட்டப் பின்னும் 15 ஆண்டுகள் ஆயின. காவல் மரபணு என்னும் வகையில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது அதுவே.

மார்பகப் புற்றும் குடும்ப வழியில் வரக்கூடும் என்பதை மேரி-கிளேர் கிங் என்னும் பெண் அறிஞர் நெடுங்காலம் தேடி, 1990இல் 17ஆம் குரோமோசோமில் இடங்குறித்துக் காட்டினார். 1994இல் பி.ஆர்.சி.ஏ. 1 கையில் கிடைத்தது. மறு ஆண்டு இரண்டாவதும் கிடைத்தது. கண்டெடுத்த நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தது. உடம்பில் இயற்கையாக உள்ள மரபணுவை எவரும் உரிமை கொண்டாட இயலாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.

இம்மரபணுக்கள் செய்யும் வேலை என்ன? இங்கே தமிழ் எனக்குக் கைகொடுக்கின்றது. நூல் என்னும் சொல்லுக்கு நம்மிடம் இரு பொருள்கள் உண்டு. கோவையில் நூல் என்றால் பஞ்சாலை நூல்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கின்றீர்கள். ரிங் பிரேமில் இழை அறுந்தால் ஓடிச்சென்று இரு முனைகளையும் கூட்டிவிடுவீர்கள். அரை அங்குலம் போனால் போகட்டும். நூல் நூலாகவே இருக்கும். மற்றொரு நூல் இருக்கின்றதே, ஏட்டிலுள்ள நூல், அதற்கு அப்படிச் செய்ய இயலுமா? ஓலை முறிந்த இடத்தில் முனையோடு முனை சேர்த்துவிட்டால் நடுவே நான்கு எழுத்துகள் போய்விடும், பாட்டு பாழாகிவிடும். உ.வே.சா. என்ன செய்தார்? அதே நூலின் மற்றொரு பிரதியைத் தேடி ஊரூராக அலைந்தார். ஒத்துப் பார்த்து, விடுபட்டதை நிரப்பினார்.

உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் இழை நாள்தோறும் அறுகின்றது. அது இழையாகவும் இருக்கின்றது, ஏடாகவும் இருக்கின்றது. இரண்டு பக்கமும் அறுந்த இடத்தைச் செப்பனிட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆலை வழி: முனைகளைச் சேர்த்து ஒட்டுதல், விரைவு மிகுதி, பிழையும் மிகுதி. மற்றொன்று, உ.வே.சா. வழி: பிரியப்போகும் உயிரணு எடுத்து வைத்திருக்கும் மறுபடியோடு ஒத்துப் பார்த்து எழுதுதல். இந்த இரண்டாம் வழிக்கு இன்றியமையாதவை பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள் தரும் புரதங்கள். அவை இல்லையேல் உயிரணு ஒட்டுப்போட்டே காலந்தள்ளுகின்றது. பிழை மேல் பிழை சேர்ந்து, பிற காவல் மரபணுக்களும் பாழாகி, ஒரு நாள் புற்று தலைகாட்டுகின்றது.

அந்தக் காவல் மரபணுவே எப்படிப் பழுதாகின்றது என்பதற்கும் எடுத்துக்காட்டு ஒன்று தருகின்றேன். மரபணுவின் எழுத்துகளை உயிரணு மும்மூன்றாகக் கூட்டிப் படிக்கின்றது. பழைய ஏட்டில் போலவே இடைவெளி கிடையாது. 'பழம்மரம்வனம்குளம்' என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். மும்மூன்றாகப் பிரித்தால் பழம், மரம், வனம், குளம். இதில் 'ழ', 'ம்' என்னும் இரண்டு எழுத்துகள் விழுந்துவிட்டால் 'பமர', 'ம்வன', 'ம்குள' என்று கடைசிவரை குழப்பமே. பி.ஆர்.சி.ஏ. 1இல் இப்படி இரண்டே எழுத்துகள் விழுந்துபோன ஒரு பழுது, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த யூத மக்களிடையே நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரிடம் காணப்படுகின்றது. அதே பழுது நம் தென்னிந்தியக் குடும்பங்கள் சிலவற்றிலும் இருப்பதை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்கள். அங்கிருந்து இங்கு வந்ததா? ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், அது இங்கே தனியாகத் தோன்றியது என்று 2007இல் எழுதினார்கள். ஏடு எழுதுவோர் இருவர், வெவ்வேறு ஊர்களில், ஒரே இடத்தில் கைதவறியதைப் போன்றது.

ஒன்றை மறவாமல் சொல்லிவிட வேண்டும். மார்பகப் புற்று நூற்றில் ஐந்து முதல் பத்து வரையே இப்படிப் பிறவியில் வரும் பழுதினால் விளைவது. மற்றவை வாழ்நாளில் வந்து சேர்பவை. புகையிலையிலுள்ள நஞ்சு நேரே பி53ஐத் தாக்குகின்றது. கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ் இன்னும் சூழ்ச்சியுடையது. அது தன்னிடமுள்ள ஒரு புரதத்தால் பி53ஐ அழிக்கின்றது. மற்றொன்றால், நட்சன் ஆராய்ந்த விழித்திரைக் காவலனைக் கட்டிப்போடுகின்றது. அதற்குத் தடுப்பூசி இருக்கின்றது. பள்ளிப் பெண்பிள்ளைகள் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

இனி என் வீட்டுக்கு வருகின்றேன். பெயர்களைச் சொல்லாமல் பேசலாம் என்று வீட்டார் இசைவு தந்திருக்கின்றனர்.

என் தந்தையோடு உடன்பிறந்த அத்தை ஒருவர் இருந்தார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது இறந்துபோனார். 'வயிற்றுக் கட்டி' என்றார்கள். ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளொன்றில் கதவிடுக்கில், அவர் மார்பில் சுற்றியிருந்த துணியை நான் பார்த்திருக்கின்றேன். அந்த வாசனையும் நினைவில் இருக்கின்றது. அவருக்கு முன் என் அப்பத்தாளும் அவ்வாறே போனதாகப் பின்னர் அறிந்தேன். அது அப்பத்தாள் பிறந்த கூட்டத்து நோய், நம் கூட்டத்துக்கு வராது என்று ஒரு சமாதானம் வீட்டில் வழங்கியது. கொங்கு நாட்டில் கூட்டம் தந்தை வழியே போகும். அப்பத்தாள் வேறு கூட்டத்தில் பிறந்து வந்தவர். மரபணு கூட்டம் பார்ப்பதில்லை. தாயிடமிருந்து மகனுக்கும், அந்த மகனிடமிருந்து அவன் மகளுக்கும் அது வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இடையிலுள்ள ஆண் நல்ல உடல்நலத்தோடு எண்பது வயது வாழ்ந்துவிடலாம். அதனால்தான் தந்தை வழியில் வரும் பழுதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2017இல் என் சித்தப்பாவின் மகளுக்கு, எனக்குத் தங்கை, 36 வயதில் வயிறு உப்பத் தொடங்கியது. மருத்துவமனைக்கு நானும் உடன் சென்றிருந்தேன். "குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகத்திலோ சூலகத்திலோ புற்று வந்ததுண்டா?" என்று மருத்துவர் கேட்டார். சித்தப்பா, "எங்கள் பக்கம் யாருக்கும் இல்லைங்க" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தேன். கதவிடுக்கில் கண்ட துணி என் நினைவுக்கு வந்தது. நான் பேசவில்லை. இருபது ஆண்டுகள் மாணவர்களுக்குச் சொல்லின் பொருளைக் கற்பித்த நான் அந்த ஒரு கணத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெரியவர் பேசும்போது குறுக்கிடலாகாது என்பது ஒரு காரணம். தங்கையின் மகள் உடனிருந்தாள் என்பது மற்றொன்று. இரண்டும் காரணம் ஆகா.

அந்தக் கணத்தில் நான் பேசியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று சொல்ல மாட்டேன். நோய் அதற்குள் பரவியிருந்தது. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் எவரேனும் பேசியிருந்தால்? பி.ஆர்.சி.ஏ. 1 பழுதுபட்ட பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ 72 பேருக்கு மார்பகப் புற்றும், 44 பேருக்குச் சூலகப் புற்றும் 80 வயதுக்குள் வருவதாக, மேலைநாட்டுக் குடும்பங்களை மிகுதியாகக் கொண்ட ஆய்வொன்று 2017இல் கணக்கிட்டது. பழுது உண்டென்று அறிந்த பெண் 25 வயது முதல் ஆண்டுதோறும் மார்பகத்தை ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைப்பேறு முடிந்தபின், 35 முதல் 40 வயதுக்குள் சூலகங்களை அகற்றிக்கொள்ளும்படி மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றார்கள். சூலகப் புற்றைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள நம்பத்தக்க சோதனை இல்லாமையால் அந்த அறிவுரை. எளிய செயல் என்று நான் சொல்லவில்லை. என் தங்கைக்கு அப்படி ஒரு தேர்வு இருந்தது என்பதுகூடத் தெரியவில்லை. பதினான்கு மாதங்கள் இருந்தாள்.

அவள் இரத்தத்தைச் சோதித்தபோது பழுது தெரிந்தது. பின்னர் சித்தப்பாவுக்கு, என் தந்தைக்கு, எனக்கு, என் தம்பிக்கு என்று வரிசையாகச் சோதனை. தந்தையிடம் இருந்தது. எனக்கு வரவில்லை. தம்பிக்கு வந்திருந்தது. தாள் கையில் வந்த அன்று எனக்கு மகிழ்ச்சி ஏற்பட்டதையும், அதற்காக நான் வெட்கியதையும் இந்த அவையில் ஒப்புக்கொள்ளுகின்றேன்.

தம்பிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். "வெளியே தெரிந்தால் யார் பெண் கேட்டு வருவார்கள் அக்கா?" என்றான். அவன் அச்சத்தை நான் இழிவாக எண்ணவில்லை. சாதகத்தில் செவ்வாய் எங்கே இருக்கின்றது என்று பார்த்தே ஒதுக்கும் ஊர், இரத்தத்தில் பழுது என்று கேட்டால் சும்மா இருக்குமா? புற்று என்னும் சொல்லே நமக்கு நடுக்கம். கரையான் எழுப்பிய புற்றுக்குப் பால் வார்த்து வணங்குவோம். நோயின் பெயராக மட்டும் அதை வாயால் சொல்ல மாட்டோம். நூறாண்டுகளுக்கு முன்னர் இன்னும் மோசம். 1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தார். அவர் அதை மறைத்து வைக்கவில்லை. தங்கையின் சாவை மேடைகளில் சொன்னார், பணம் திரட்டினார். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1954இல், அடையாற்றில் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை எழுந்தது. தென்னிந்தியக் குடும்பங்களின் பழுதுகளைக் கண்டு சொன்னதாக முன்னர்க் குறிப்பிட்டேனே, அதே நிறுவனம்தான்.

தம்பியிடம் நான் முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றைச் சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. பிறகு இலக்கணம் சொன்னேன். உன் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் மரபணு இருக்கின்றது என்று சொல்லாதே, அது எல்லாருக்கும் இருக்கின்றது. காவல் இரண்டில் ஒன்று குறைந்திருக்கலாம் என்று சொல், குறைந்த காவலை ஊன்றிப் பார்த்துக்கொள்ள வழி உண்டு என்று சொல் என்றேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றான். மருத்துவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள். பெயரில் இருந்த நோய் அவன் காதை அடைத்துவிட்டது.

மூத்தவளுக்கு இப்போது 19 வயது. சோதனை செய்துகொள்வதா வேண்டாவா என்பதை அவளே முடிவு செய்வாள். முதலில் ஆலோசனைக்குப் போகின்றாள். அதற்கென மூன்று தலைமுறைக் கொடிவழி ஒன்றை வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவர்க்கு உள்ளே மை தீட்ட வேண்டும். இறந்தவர்க்கு மேலே ஒரு கோடு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் தாளை விரித்துக்கொண்டு அமர்ந்தாள். தந்தை கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அத்தை, உங்க அத்தை பேர் என்ன?" என்று கேட்டாள்.

முப்பத்தெட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் எவரும் உரக்கச் சொல்லாத பெயரைச் சொன்னேன். வட்டம் போட்டுப் பெயரை எழுதினாள்.

"என்ன நோய்?"

"மார்பகப் புற்று."

"எத்தனை வயசுல?"

"முப்பத்தொன்பது" என்றேன்.

"நாப்பது" என்றார் தந்தை கட்டிலில் இருந்தபடியே. "ஆடி முடிஞ்சிருந்தது. நாப்பதுன்னு எழுது, கண்ணு."